மாமியின் பல் வெளுத்த நாள்

என் மாமியாருக்குப் பல் கறுப்பு. சொத்தை இல்லை, புகையிலைக் கறையும் இல்லை. வேண்டுமென்றே, ஆசை ஆசையாகக் கறுப்பாக்கிக்கொண்ட பல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மகள் மாதிரி நீங்களும் மூக்கைச் சுளிப்பீர்கள். அவள் சுளித்த அன்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மாசிக்காய், கடுக்காய், இரும்புத் தூள், இன்னும் என்னென்னவோ சேர்த்து இடித்த பொடி ஒன்று உண்டு. மிஸ்ஸி என்று பெயர். ஆற்காட்டுப் பக்கத்து முஸ்லிம் வீடுகள் சிலவற்றில் கல்யாணத்தன்று பெண்ணின் பல்லில் அதைப் பூசுவார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் பூசிக்கொள்ள வேண்டும். மேலே வெற்றிலையும் போட்டால் பல் கறுகறுவென்று மின்னும், உதடு சிவக்கும். அதுதான் அவர்களுக்கு அழகு. புருஷன் மவுத்தாகி விதவையாகிவிட்டால் மூக்கில் தொங்கும் புல்லாக்கைக் கழற்றுகிற மாதிரி மிஸ்ஸியையும் விட்டுவிட வேண்டும்.

நான் திருவள்ளூரில் பிறந்தவள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அப்போது இந்த ஊரில் தொழிற்சாலை ஏது, ஆலைச் சங்கு ஏது? ரயில் நிலையம், ஒரு கடைத்தெரு, அதில் என் மாமனாரின் மிளகாய் மண்டி. மூட்டை வந்து இறங்கும் நாளில் தெருவே தும்மும். மாமனார் நெல்லூர்ப் பக்கம் போய் மிளகாய் பிடித்து வருவார், என் கணவர் மண்டியைப் பார்த்துக்கொள்வார். மாமி ஆற்காட்டுப் பெண். எங்கள் தெருவில் மிஸ்ஸி பூசியவர் அவர் ஒருவர்தான். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

"மத்தவங்களுக்குக் கழுத்துல மட்டும்தான் தாலிக் கருகமணி. எனக்கு வாயிலயும் இருக்குது. அவுரு நல்லா இருக்காருன்னு என் பல்லே ஊருக்குச் சொல்லும்" என்பார். வீட்டுக்கு வருகிற பெண்கள் அத்தனை பேரிடமும் இதைச் சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், அடுப்படியில் இருக்கும் எனக்கும் காரணம் தெரியாமலே சிரிப்பு வந்துவிடும். புகுந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அந்தச் சிரிப்புதான்.

அதற்கு வேட்டு வைத்தது என் கணவரின் போட்டோ ஆசை. மெட்ராஸிலிருந்து ஒருவரை வரவழைத்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "கொஞ்சம் சிரிங்க" என்றார். நாங்களெல்லாம் ஏதோ தண்டனை கொடுத்த மாதிரி உதட்டை இழுத்தோம். மாமி மட்டும் மனசாரச் சிரித்தார்.

படம் வந்தது. மாமியின் வாயில் ஒரு பல்லைக்கூடக் காணோம்! கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்புப் பல் எங்கே தெரியும்? சிரித்த வாய் வெறும் பொந்தாக இருந்தது. நாற்பதை அப்போதுதான் தாண்டிய, கன்னம் மழமழவென்று இருந்த என் மாமி, அந்த அட்டையில் பொக்கைவாய்க் கிழவியாக உட்கார்ந்திருந்தார்.

மாமனார் படத்தைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "யாரு இது பல்லு போன கெழவி? ஒங்கம்மா எப்போ வந்தாங்க?" என்று மாமியைக் கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார், பாவம். மாமியும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் சாயங்காலம் அந்தப் படத்தை டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியதை நான் பார்த்தேன். மறுநாளிலிருந்து சிரிப்பு வந்தால் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்.

கொஞ்ச நாள் கழித்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டி, இந்தக் கறுப்பு எடுத்தா போவுமா?"

"போவும் மாமி. மெட்ராஸ்ல ஒரு சீனாக்கார பல் டாக்டர் இருக்காரு. எங்க வாப்பா அவருகிட்டதான் பல்லு கட்டிக்கினாரு."

மாமி உடனே சரியென்று சொல்கிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். அந்த அக்கா நல்லவர்தான், ஒரு கிண்ணம் குழம்பு வைத்தால் எங்களுக்கும் பாதி வரும். ஆனால் அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது.

"அய்யய்யோ, வேணவே வேணாங்க்கா! மேப்பல்லுல கை வெச்சா கண்ணு அவிஞ்சி பூடும். எங்க சித்தப்பா பொண்ணு தெருவுல ஒருத்திக்கு அப்பிடித்தான் ஆச்சு. சொரண்டுனா இருக்குற பல்லெல்லாம் ஆடும். வெள்ளையாக்குறேன்னு ஆசிட்டு ஊத்துவானுங்க, பல்லு சுண்ணாம்பாட்டம் கரைஞ்சிடும். அப்புறம் பொய்ப்பல்லு வெப்பானுங்க. அது யாரு பல்லுன்னு நெனச்சிக்கினீங்க? ஆஸ்பத்திரில செத்தவங்க பல்லு!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்போ எங்க வாப்பா வாயில இருக்குறது யாரு பல்லுக்கா? பேரு தெரிஞ்சா சொல்லுங்க, அந்த மனுசனுக்கு ஒரு ஃபாத்திஹாவாவது ஓதிடலாம்" என்றேன்.

"பாத்தியாக்கா ஒன் மருமவ வாய!" என்று அவர் மாமியிடம் முறையிட்டார். மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

இருந்தாலும் பயம் புகுந்துவிட்டது. பல நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாமனார் நெல்லூர் கிளம்பிப் போன அன்று, வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தவர் என் கையைப் பிடித்தார். "அவுரு திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிடணும். யாரு கையிலயும் சொல்லக் கூடாது. முக்கியமா பக்கத்தூட்டுல மூச்சு வுடாத" என்றார். என் கணவரிடம் மட்டும் சொன்னோம். உம்மாவின் பல், உம்மாவின் இஷ்டம் என்று சொல்லி மறுநாள் காலை அவரே மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டார். மாமனார் அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிடுவார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

மாமி வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே போகும்போது எங்கள் பெண்கள் போர்த்துகிற அதே துப்பட்டிதான். பொன்னேரி தாண்டியதிலிருந்து ஒரு கண்ணை மூடுவதும் மறு கண்ணைத் திறப்பதுமாக இருந்தார். கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்லடி. திரும்பி வரும்போது எந்தக் கண்ணு இருக்குமோ. இப்பவே ரெண்டாலயும் பாத்து வெச்சிக்கிறேன்" என்றார். அத்திப்பட்டு உப்பளத்தை அன்று அவர் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டிராம் ஓடுவது நின்றுபோன புதிது. சென்ட்ரலிலிருந்து ரிக்‌ஷாவில் போனோம். சீனாக்கார டாக்டர் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கொத்தவால்சாவடி ஆள் பேசுகிற மாதிரி இருக்கும்.

"வாம்மா, ஒக்காரு. வாயத் தொற. அடேங்கப்பா, இன்னாம்மா இது, அடுப்புக்கரியவே துன்னுவியா?"

மாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. டக்கென்று வாயை மூடிக்கொண்டார். "இது மிஸ்ஸி. கரியில்ல" என்றார், பல்லைக் காட்டாமல்.

"கோச்சிக்காதம்மா, தெரியும். திருவல்லிக்கேணியிலேர்ந்து இது மாதிரி எத்தினி பேர் வந்துக்கினு இருக்காங்க. உள்ள பல்லு கல்லாட்டம் இருக்குது. ஒனக்கு ஒரு பல்லும் புடுங்க வேணாம்."

மாமி தன் சந்தேகங்களையெல்லாம் எடுத்து வைத்தார். முதலில் கண்.

"கண்ணுக்கும் பல்லுக்கும் நடுவுல மூக்குன்னு ஒண்ணு இருக்குதும்மா. அதத் தாண்டிப் போற அளவுக்கு என் கை நீளம் கெடையாது."

"சொரண்டுனா பல்லு ஆடுமாமே?"

"பல்லுல ஊத்த கட்டியாப் புடிச்சிக்கினு இருக்கும். ஏற்கெனவே ஆடுற பல்ல அது புடிச்சி நிறுத்தி வெச்சிருக்கும். ஊத்தைய எடுத்தா ஆட்டம் வெளிய தெரியும். உடனே டாக்டர் பல்ல ஆட்டிப்புட்டான்னு என் மேல பழியப் போட்டுடுவாங்க. இதே பேஜாரு எனக்கு."

"பாலு மாதிரி வெள்ளையா வந்துடுமா?"

"பாலு மாதிரி வேணும்னா பால்காரனத்தான் பாக்கணும். ஆண்டவன் ஒனக்கு இன்னா கலர்ல குடுத்தானோ அது வரும். அதுக்கு மேல வெள்ளையாக்குறேன்னு எவனாச்சும் சொன்னா நம்பாத."

மாமி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சரியென்று வாயைத் திறந்தார். உடனே டாக்டர், மேல் உதட்டின் மீது தொங்கிய புல்லாக்கை விரலால் தட்டினார். "இதக் கழட்டும்மா, கைய இடிக்குது." கல்யாணத்தன்று மாட்டியது, அதுவரை கழற்றியதே இல்லை. மாமி ரொம்பத் தயங்கினார். கடைசியில் நான்தான் மெதுவாகத் திருகி எடுத்து, கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கொக்கி மாதிரி ஒரு கம்பியால் முதலில் சுரண்டினார். அப்புறம் தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்து ஓட்டுகிற ஒன்றில் சின்ன பிரஷ்ஷை மாட்டி, ஏதோ பொடியைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். ஈறிலிருந்து ரத்தம், கண்ணிலிருந்து தண்ணீர். நடுநடுவே நிறுத்தி ஓய்வு கொடுத்தார். ஒரு கட்டத்தில் என்னால் பார்க்க முடியாமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். பிற்பகல் ஆகிவிட்டது.

கடைசியில் கண்ணாடியைக் கொடுத்தார். இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் கறுப்பு மிச்சம். மற்றபடி லேசான மஞ்சளோடிய வெள்ளை, வரிசை தப்பாத பல். மாமி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கண்களையும் ஒவ்வொன்றாக மூடித் திறந்து பார்த்து, தெரிகிறது என்று எனக்குச் சைகை காட்டினார். டாக்டர் கீழ் உதட்டுக்குள் பஞ்சை வைத்து, இன்றைக்குப் பேசக் கூடாது, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், வீக்கம் தானாக வடியும் என்று சொல்லி அனுப்பினார்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் மாமியை வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் ஜட்கா பிடிக்கப் போனேன். அதே ரயிலில் வந்த மகளை அழைத்துப்போக நம் பக்கத்து வீட்டு அக்கா நிலையத்துக்கு வந்திருந்தார். அவர் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தலையோடு போர்த்திய வெள்ளைத் துப்பட்டி. மூக்கில் புல்லாக்கு இல்லை. அழுது சிவந்த கண், வீங்கிய முகம். தன்னைப் பார்த்து மாமி லேசாக வாயைத் திறக்க, உள்ளே வெள்ளைப் பல்! கழுத்துக் கருகமணியோ துப்பட்டிக்குள் மறைந்து கிடந்தது.

நான் ஜட்காவோடு திரும்பி வந்தபோது அக்கா மாமியைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டுக்கொண்டிருந்தார். "இப்பிடி வுட்டுட்டுப் பூட்டாரே! எங்கண்ணன் பூட்டாரே! ஒன்ன இந்தக் கோலத்துல பாக்க வெச்சிட்டாரேக்கா!"

நாங்கள் காலையிலிருந்து ஊரில் இல்லை. அதற்குள் நெல்லூரிலிருந்து தந்தி வந்திருக்கிறது, இந்த அக்கா அதைச் சொல்லத்தான் நிலையத்துக்கே ஓடி வந்திருக்கிறார் என்று மாமி நினைத்தார். நானும் அப்படியேதான் நினைத்தேன். வேறெப்படி நினைப்பது? "மாமாவா?" என்றேன். "ஆமாம்மா" என்று அக்கா என்னையும் கட்டிக்கொண்டார். அக்கா தன் மகளோடு குறுக்குச் சந்தில் புகுந்து தெருவுக்குச் செய்தி சொல்ல ஓடினார்.

ஜட்காவில் மாமி முதலில் அழவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வாயிலிருந்த பஞ்சைத் துப்பினார். "நானா எடுத்தேண்டி. அவுரு உசுரோட இருக்கும்போதே மிஸ்ஸிய நானா போய் எடுத்தேன். அதான் அல்லா அவரையே எடுத்துக்கினான்" என்று சொல்லிவிட்டுப் பெருங்குரலெடுத்து அழுதார். "பல்லுக்கும் அதுக்கும் இன்னா மாமி சம்பந்தம்? அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க" என்று அதட்டினேன். அதட்டிக்கொண்டே நானும் அழுதேன். அந்தப் படத்தை எடுத்தவன், அந்தச் சீனாக்காரர், அந்த ரயில், எல்லாவற்றின் மீதும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டு வாசலில் செருப்புக் குவியல். பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே. மாமியை உள்ளறையில் பாயில் உட்கார வைத்தார்கள். மண்டியைச் சாத்திவிட்டு என் கணவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். தலையில் தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"தந்தி எங்க? குடு" என்றார் என்னிடம்.

"என்னக் கேட்டா? ஒங்ககிட்டதான வந்துச்சாம்?"

"எங்கிட்டயா? நீங்க மெட்ராஸ்லேர்ந்து சேதி கொண்ணாந்ததா இல்ல சொல்றாங்க!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளறையைக் காட்டினார். "யாரு சொல்லணும்? அதான் அக்காவோட பல்லே சொல்லுதே!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "அட அக்கா! அது நாங்க காசு குடுத்துக் கழுவிக்கினு வந்த பல்லு!" என்று கத்தினேன். அவர் வாயைப் பிளந்தார். மாமியிடம் சொல்ல நான் உள்ளே திரும்பினேன். அதற்குள் வாசலில் ஒரு கூச்சல். ஒருவர் "யா அல்லாஹ்!" என்று அலறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

சாயங்கால ரயிலில் வந்து இறங்கிய மாமனார் வாசலில் நின்றார். தோளில் துண்டு, ஒரு கையில் பூவன்பழத் தார், ஒரு கையில் மாதிரி மிளகாய்ப் பை. செருப்புக் குவியலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வாசலில் அவர் மகன் நிற்கிறான், மருமகள் நிற்கிறாள். அந்த வீட்டில் அவர் கண்ணில் படாத ஆள் மாமி ஒருவர்தான்.

பழத்தார் கீழே விழுந்தது. "அவ எங்க?" என்றார். "டேய், அவ எங்கடா?" என்று மகனைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார். மிளகாய் மண்டியில் ஊரையே அதட்டுகிற மனிதர் அப்படிக் கலங்கி ஓடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்தக் குரலைக் கேட்டு மாமி எழுந்துவிட்டார். இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். மாமி அதிர்ச்சியில் வாயைத் திறந்தபடி நின்றார். மாமனார் அந்த வாயையே பார்த்தார், யாரோ என்பதுபோல. நான் மூச்சு விடாமல் போட்டோவில் ஆரம்பித்துப் புல்லாக்கு வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். கைக்குட்டையை அவிழ்த்துப் புல்லாக்கையும் காட்டினேன்.

அவர் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். மாமி துப்பட்டியை இழுத்து வாயை மூடினார்.

"மூடாத. கைய எடு" என்றார் மாமனார்.

மாமி எடுக்கவில்லை.

"எடு புள்ள. நிக்காஹ் அன்னிக்குக் கண்ணாடில ஒன் மொகத்தக் காட்டுனாங்க. அப்பவே கறுப்பாப் பூசித்தான் ஒக்கார வெச்சிருந்தாங்க. புள்ளயப் பெத்து, மருமவளும் எடுத்தாச்சு. ஒன் பல்ல நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

மாமியின் கை மெதுவாக இறங்கியது. அவர் சிரித்தாரா அழுதாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அழுதேன், அது நன்றாகத் தெரியும்.

வெளியே துக்கம் கேட்க வந்த ஆண்கள் சிதறிய பூவன்பழத்தைப் பொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமனார் வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்து, "இன்னாம்மா, நான் திரும்பி வந்ததுல ஒனக்கு ரொம்ப வருத்தமோ?" என்றார். அக்கா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடியேவிட்டார்.

இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். ஆள் சொல்லி மெட்ராஸ் அத்தர்க் கடையில் வாங்கிவரச் செய்த புது மிஸ்ஸிப் பொட்டலம் ஒன்று அவர் கையில் இருந்தது. புல்லாக்கை மறுபடி மாட்டிக்கொண்டு மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"பூசிக்கோக்கா. அந்த வெள்ளப் பல்லப் பாத்தா எனக்கு இன்னும் பக்குங்குது. அண்ணன் நல்லா இருக்காருன்னு தெரிய வேணாமா?"

மாமி பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு அதை அக்காவின் மடியிலேயே திரும்ப வைத்தார்.

"இத்தினி வருசமா என் பல்லு சொல்லிச்சு. அன்னிக்கு அவரே தெருவுல வந்து நின்னு சொல்லிட்டாரு. இனிமே அந்த வேலைய அவரே பாத்துக்கட்டும், போ!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கையில் முறம் இருந்தது, வாயை மூட அவர் அதைக் கீழே வைக்கவில்லை.